இன்டெல்லா ஏஎம்டியா, என்விடியாவா ரேடியானா? மார்த்தாண்டம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பல வருடம் இருந்தேன். இப்போது வீட்டிலேயே தெரிந்தவர்களுக்கு மட்டும் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். டீக்கடையிலும், கோயில் திருவிழாவிலும், ஏன், துக்க வீட்டில்கூட, புதுக் கம்ப்யூட்டருக்கு எந்தக் கம்பெனி ப்ராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை), எந்தக் கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரையும் பாகம்) போடுவது என்ற இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். விலை மட்டும் எழுதவில்லை, அது வாரத்துக்கு வாரம் மாறும்.

அண்ணா, இன்டெல் நல்லதா, ஏஎம்டி நல்லதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.

ரெண்டும். இப்படிச் சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது, நான் மழுப்புகிறேன் என்று நினைக்கிறார். ஆனால் 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் வந்ததிலிருந்து நிலைமை இதுதான். அதற்கு முன்னால் ஐந்தாறு வருடம் இந்தக் கேள்விக்கே இடமில்லை, காசு இருந்தால் இன்டெல், இல்லாவிட்டால் ஏஎம்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இப்போது இன்டெல்லின் ஐ5 12400எஃப், ஏஎம்டியின் ரைசன் 5 5600 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட், இரண்டின் மேலும் 65 வாட் என்றே போட்டிருக்கும். ஒன்று ஒரு கேமில் முந்தும், இன்னொன்று வேறொன்றில் முந்தும், பெயரை மறைத்துவிட்டு உங்களை உட்கார வைத்தால் எது எதென்று சொல்ல மாட்டீர்கள்.

அதனால் நான் திருப்பிக் கேட்பது வேறு. என்ன வேலைக்கு, என்ன மானிட்டர், கையில் எவ்வளவு, பழைய பாகம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா. இதற்குப் பதில் வந்துவிட்டால் கம்பெனி தானாக முடிவாகிவிடும்.

ஏஎம்டி ரொம்ப சூடாவும்னு எல்லாரும் சொல்லுதாவளே?

இது பழைய கெட்ட பெயர். 2011இல் வந்த எஃப்எக்ஸ் வரிசை உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது, அதில் எஃப்எக்ஸ் 9590 என்பது 220 வாட். அந்தக் காலத்தில் வாங்கிச் சூடுபட்ட மாமாக்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்று படம் தலைகீழ்: இன்டெல்லின் ஐ9 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும், ரைசன் 5 7600 வெறும் 65 வாட் ரகம்.

ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரைசன் 7000 வரிசையில் எக்ஸ் என்று முடிகிறவை 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. திரையில் 95 பார்த்ததும் பதறி எனக்குப் போன் அடிக்கிறார்கள். பதற வேண்டாம், வேண்டுமானால் பயாஸில் (மதர்போர்டின் சொந்த செட்டிங்ஸ் பக்கம்) ஈகோ மோட் போட்டுவிடுங்கள், வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகக் குறையும்.

இதுல எது அமெரிக்க சாமான், எது சைனா சாமான்?

இன்டெல் 1968, ஏஎம்டி 1969, என்விடியா 1993, மூன்றுமே அமெரிக்கக் கம்பெனிகள். ஆனால் ஏஎம்டிக்கும் என்விடியாவுக்கும் சொந்தச் சிப் தொழிற்சாலை கிடையாது. ஏஎம்டி தன் ஆலைகளை 2009இல் பிரித்து விட்டுவிட்டது. இப்போது இரண்டு பேருடைய முக்கியமான சிப்புகளும் தைவானின் டிஎஸ்எம்சி என்ற ஒரே கம்பெனியில் உருவாகின்றன. இன்டெல்லே தன் ஆர்க் கிராபிக்ஸ் சிப்பை அங்கேதான் கொடுத்துச் செய்கிறது. ஏஎம்டி தலைவர் லிசா சூ, என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், இருவரும் பிறந்ததும் தைவான். ஆக, கடைவாசலில் நின்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேரும் வாங்குவது ஒரே அடுப்பில் சுட்ட தோசை.

ப்ராசஸர் ஏஎம்டி போட்டா கார்டும் ஏஎம்டிதான் போடணுமா? மாத்திப் போட்டா சண்டை போடுமா?

போடாது. எந்தப் ப்ராசஸரோடும் எந்தக் கார்டும் ஓடும். ஏஎம்டி 2006இல் கிராபிக்ஸ் சிப் செய்துகொண்டிருந்த ஏடிஐ கம்பெனியை வாங்கியதால்தான் அவர்களிடம் ரேடியான் கார்டு இருக்கிறது, மற்றபடி சொந்தக்காரனோடுதான் சேருவேன் என்று அடம் பிடிக்கிற சாமான் அல்ல இது.

கடைக்காரர் சோடாக்ங்கறார், பக்கத்துக் கடையில சஃபயர்ங்கறார். நான் கேட்டது என்விடியா. ஏமாத்துறாங்களா?

இல்லை. சிப்பைச் செய்வது ஒருவர், அந்தச் சிப்பை வாங்கி, பலகையில் பொருத்தி, மேலே ஃபேன் மாட்டி, பெட்டியில் போட்டு விற்பவர் இன்னொருவர். சோடாக் போடுவது என்விடியா சிப், சஃபயர் போடுவது ரேடியான் சிப், ஆசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட சிப்பைக் கையாண்டவை. ஒரே ஆர்டிஎக்ஸ் 4060ஐ ஐந்து பேர் விற்றால் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், ஃபேன் சத்தமும் வாரண்டியும்தான் மாறும். என்னைக் கேட்டால் மூன்று ஃபேனுக்கும் கலர் விளக்குக்கும் கூடக் காசு கொடுக்காதீர்கள், அந்தக் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி) போடுங்கள். அதைப் பற்றிக் கீழே நிறைய இருக்கிறது.

தம்பி, மக இன்ஜினியரிங் சேருறா. கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேணும்னு சொல்றாங்க, வேணுமா?

முதல் வருடம் வேண்டாம் அக்கா. புரோகிராம் எழுத, வகுப்பு பார்க்க, ரிப்போர்ட் அடிக்க, சின்ன ஆட்டோகேட் வரைய ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் போதும். அந்தப் பணத்தில் 16 ஜிபி ரேமும் நல்ல எஸ்எஸ்டியும் வாங்கிக் கொடுங்கள், பிள்ளை உங்களை வாழ்த்தும். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் என்றால் மட்டும் மூன்றாம் வருடத்தில் கார்டு தேவைப்படலாம், அப்போது சேர்த்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் வாங்குவதில் அந்த வசதி உண்டு, லேப்டாப்பில் கிடையாது.

ப்ராசஸர் பேருக்குப் பின்னால எஃப், ஜி, கேன்னு எழுத்து வருதே, அது என்ன?

கம்பெனியைவிட இந்த ஒற்றை எழுத்தில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இன்டெல்லில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கே என்றால் வேகத்தைக் கூட்டி ஓட்டலாம். ஏஎம்டியில் ஜி என்றால் உள்ளே நல்ல கிராபிக்ஸ் உண்டு, எக்ஸ்3டி என்றால் கேமுக்காக மேலே கூடுதல் கேஷ் (சிப்பிலேயே இருக்கிற அதிவேக மெமரி) அடுக்கியது. ரைசன் 5000 வரிசை வரை ஜி இல்லாவிட்டால் படமே வராது. 7000 வரிசையிலிருந்து எஃப் போட்டவை தவிர மற்றவற்றில் பெயருக்கு ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது, டாக்குமெண்ட் அடிக்கவும் படம் பார்க்கவும் ஆகும்.

என் சித்தி மகன் ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று எஃப் வாங்கிவிட்டான், கார்டு வாங்கவில்லை. எல்லாம் மாட்டி சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் கருப்பு. ரேமைக் கழற்றி மாட்டினான், கேபிளை மாற்றினான், கடைசியில் மதர்போர்டு டெட் என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பப் பெட்டியெல்லாம் ஒட்டிவிட்டான். நான் போய்ப் பெட்டியைப் பார்த்தேன், 12400க்குப் பின்னால் அந்த எஃப் நின்று சிரித்தது.

இதன் தம்பி ஒன்று உண்டு: கார்டு புதிதாகப் போட்டுவிட்டு, மானிட்டர் கேபிளை மேலே மதர்போர்டிலேயே சொருகிவிட்டு, கேம் ஏன் திக்குகிறது என்று கேட்பது. கேபிள் கீழே, கார்டில் சொருக வேண்டும். இது படித்தவர்களும் செய்கிற தப்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஸ்எம்பிஎஸ் 450 வாட் இருக்கு, கேபினட்டோடயே வந்தது. புதுக் கார்டு தாங்குமா?

கேபினட்டோடு இலவசமாக வந்தது என்றால் 450 என்பது ஸ்டிக்கரில் மட்டும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள், அதில் பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். நான் பார்த்த பலவற்றில் 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள், 192 வாட். ப்ராசஸரும் கார்டும் குடிப்பது இந்த லைனில்தான். ஆர்டிஎக்ஸ் 4060 மட்டுமே 115 வாட், ஆர்எக்ஸ் 7600 என்றால் 165, இன்டெல் பி580 என்றால் 190. ப்ராசஸருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் பட்டென்று அணைவதற்கு இதுதான் காரணம், ஆனால் பழி கார்டு கம்பெனி மேல் விழும்.

கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும், நல்ல எஸ்எம்பிஎஸ் கனமாக இருக்கும். 80 பிளஸ் சான்று (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கு) உள்ள, ஐந்து வருட வாரண்டி தருகிற 550 வாட் ஒன்று போதும், நடுத்தரக் கார்டு எதையும் தாங்கும். கார்டில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, இதில் இறங்காதீர்கள்.

கார்டுல 8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேணுமா?

உங்கள் மானிட்டர் 1080 ரகம், ஆடுவது வாலரண்ட், ஜிடிஏ 5, கவுண்டர் ஸ்ட்ரைக் என்றால் 8 தாராளம். புதிதாக வருகிற பெரிய கேம்களை முழுத் தரத்தில் ஆட வேண்டும், 1440 மானிட்டர், ஐந்து வருடம் மாற்ற மாட்டேன் என்றால் 8 பற்றாது. மெமரி நிறைந்துவிட்டால் வேகம் மெதுவாகக் குறையாது, கல்லில் ஏறிய பஸ் மாதிரி திடீர் திடீரென்று குலுங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ, ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இவை எல்லாமே 8, 16 என்று இரண்டு விதமாக வருகின்றன, பெயர் ஒன்றுதான். யூடியூபில் 16 ஜிபிக்குச் சொன்ன புகழைக் கேட்டுவிட்டு 8 ஜிபி பெட்டியோடு வீட்டுக்கு வராதீர்கள். பில்லிலும் ஜிபி எழுதச் சொல்லுங்கள்.

கல்யாண வீடியோ எடிட் பண்றேன். டைம்லைன் இழுத்தா நிக்குது. பெரிய கார்டு வாங்கிட்டேன், இன்னும் நிக்குது. ஏன்?

இந்தப் பகுதியில் ஸ்டுடியோக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இப்போதைய நல்ல கேமராக்கள் 10 பிட் 4:2:2 என்ற முறையில் எச்.265இல் பதிவு செய்கின்றன. கலர் பார்க்க அருமை, ஆனால் அந்த ஃபைலை விரித்துத் திரையில் காட்டுவது பெரும் பாரம். அந்த வேலைக்கென்று தனிப் பகுதி சிப்பில் இருந்தால் வெண்ணெய் மாதிரி ஓடும், இல்லாவிட்டால் எல்லாம் ப்ராசஸர் தலையில் விழும். கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதில் சும்மா வேடிக்கை பார்க்கும்.

இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்து, உள்ளே இருக்கிற கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பகுதி இதைச் செய்யும். என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இது வந்தது, 4090 வாங்கியவருக்குக்கூட இல்லை. ரேடியான் 7000 வரிசையிலும் இல்லை. ஆகவே கல்யாண ஸ்டுடியோவுக்கு நான் இன்டெல்லைத்தான் சொல்வேன், அதிலும் எஃப் போட்டது கூடாது. மேலே சொன்ன அந்த ஓர் எழுத்தில் இந்தக் குவிக் சிங்க்கும் சேர்ந்து போய்விடும். பயாஸில் உள் கிராபிக்ஸை இயக்கி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், தனிக் கார்டு மாட்டியதும் சில போர்டுகள் அதைத் தானாக அணைத்துவிடும். போன மாசம் ஒரு தம்பிக்கு இந்த ஒரு சுவிட்சைத்தான் போட்டுக் கொடுத்தேன், ஒரு பைசா செலவில்லை, அவன் ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டு வந்து கொடுத்தான்.

ஏற்கெனவே ரைசன் வாங்கிவிட்டவர்கள் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம், ப்ராக்ஸி ஃபைல் (எடிட்டுக்கு மட்டும் ஒரு லேசான நகல்) செய்து எடிட் பண்ணுங்கள். கேமராவைக் கலர் விவரம் குறைந்த 4:2:0க்கு மாற்றினாலும் பாதி தலைவலி தீரும்.

பையன் ஏஐ படிக்கிறான், ரேடியான் வாங்கினா திட்டுவானா?

திட்டுவான். கிராபிக்ஸ் கார்டிலேயே கணக்கு வேலைகளை ஓட்ட என்விடியா 2007இலேயே குடா என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது, ஆய்வு செய்கிறவர்கள் எல்லாம் அதன் மேலேயே எழுதிப் பழகிவிட்டார்கள். ஏஎம்டியிடமும் ராக்எம் என்று ஒன்று இருக்கிறது, வளர்ந்துகொண்டும் வருகிறது, ஆனால் பையன் பாடம் படிப்பானா, டிரைவரோடு (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) மல்லுக்கட்டுவானா? இந்த ஒரு விஷயத்தில் நான் மழுப்ப மாட்டேன், என்விடியாதான். பிளெண்டரில் 3டி செய்கிறவர்களுக்கும் அதே பதில்.

இதில் வேகத்தைவிட மெமரி முக்கியம். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி, அதற்குப் பிறகு வந்த 4060இல் 8 ஜிபி. கேமுக்கு 4060, மாடல் ஓட்டிப் பழக 3060. வாங்குவதற்கு முன் ஆறு மாதம் கூகுள் கோலாபில் (இணையம் வழியாகக் கூகுளின் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓட்டும் வசதி) இலவசமாகவே பழகச் சொல்லுங்கள், ஆர்வம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர்னு சொல்றாங்களே, அதுக்காக என்விடியா வாங்கலாமா?

இரண்டும் படத்தைச் சின்னதாக வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுகிற வித்தை. டிஎல்எஸ்எஸ் என்விடியாவுடையது, அவர்களின் ஆர்டிஎக்ஸ் கார்டில் மட்டும் ஓடும், படம் துல்லியமாக இருக்கும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2021இல் எல்லாருக்குமாக வந்தது, பழைய என்விடியா கார்டில்கூட ஓடும், ஆனால் ஓரங்கள் சற்று நடுங்கும். நான்காவது எஃப்எஸ்ஆர் நன்றாகவே இருக்கிறது, அது ஆர்எக்ஸ் 9000 கார்டுகளுக்கென்று வந்தது. இரண்டு கார்டும் ஒரே விலை என்றால் இதற்காக என்விடியா பக்கம் சாயலாம். அதே விலைக்கு ரேடியானில் இரட்டிப்பு மெமரி கிடைக்கிறது என்றால் நான் ரேடியான் பக்கம்தான்.

இன்டெல்லே கிராபிக்ஸ் கார்டு விடுதாமே, நம்பலாமா?

2022இல் ஆர்க் என்ற பெயரில் இறக்கினார்கள், ஆரம்பத்தில் டிரைவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இப்போது தேறிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த பி580, 12 ஜிபியோடு 249 டாலருக்கு அறிவிக்கப்பட்டது, மற்ற இருவரும் அப்போது அந்த விலைக்கு அவ்வளவு மெமரி தரவில்லை. புதிய கம்ப்யூட்டர் என்றால் தைரியமாகப் போடலாம். ஆர்க் கார்டில் வீடியோவுக்கான அந்த 4:2:2 வசதியும் இருக்கிறது, ரைசன் வைத்திருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் கவனிக்க.

பழைய கம்ப்யூட்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுக விடுகிற ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் இந்தக் கார்டு நொண்டும். இன்டெல்லில் 10ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 3000, அதற்குக் கீழே வேண்டாம்.

எங்க வீட்டுல நாலாம் தலைமுறை ஐ5 இருக்கு. அதுல ஒரு நல்ல கார்டு போட்டு ஓட்ட முடியாதா?

முடியும், ஆசையை அளவோடு வைத்தால். தனி மின்வயர் கேட்காத கார்டாகப் பாருங்கள்: ஜிடிஎக்ஸ் 1650 (75 வாட்), ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபி ரகம் (70 வாட்). ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைத் தள்ளிவிடுங்கள், அது போர்டோடு நான்கே லேனில் (தகவல் போகும் பாதை) பேசுகிற கார்டு, பழைய போர்டில் மூச்சு முட்டும்.

ஆனால் நாலாம் தலைமுறை 2013 சரக்கு, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பழைய மாட்டுக்குப் புது மணி கட்டுவது மாதிரிதான். அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதே கார்டைக் கழற்றிக்கொண்டு போவீர்கள் என்றால் வாங்குங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை செத்துப் போகுதுன்னு சொன்னாங்க. உண்மையா?

உண்மை, ஆனால் எல்லாம் சாகவில்லை. அந்த இரண்டு தலைமுறையிலும், முக்கியமாக ஐ7, ஐ9 வகைகளில், தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டுச் சிப் நாளடைவில் பழுதடைந்தது. கேம் திறந்ததும் மெமரி பற்றவில்லை என்று கார்டைக் குறை சொல்கிற மாதிரி ஒரு செய்தி வரும், பலர் நல்ல கார்டை மாற்றினார்கள். 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாக மருந்து வந்தது. வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டி ஐந்தாக்கினார்கள். மருந்து வருமுன் காப்பதற்குத்தான், கெட்டுப்போன சிப் தேறாது. அதனால் இந்தத் தலைமுறையைச் செகண்ட் ஹேண்டில் வாங்கவே வாங்காதீர்கள், புதிதாக வாங்கினால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள். 12ஆம் தலைமுறைக்கு இந்த நோய் இல்லை.

ஏஎம்டி ஆட்கள் துள்ள வேண்டாம். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில போர்டுகளில் கருகி உப்பிப்போயின, அதற்கும் வோல்டேஜை 1.3க்குக் கட்டிப்போட்டு பயாஸ் விட்டார்கள்.

பின்னாடி ப்ராசஸர் மட்டும் மாத்திக்கலாம்னா எதை வாங்கணும்?

இதில் ஏஎம்டியின் கை ஓங்கியிருக்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) 2017இல் போர்டு வாங்கியவர்கள் பலர் பயாஸ் மட்டும் ஏற்றிவிட்டு ரைசன் 5000 வரை வந்துவிட்டார்கள். 2022இல் வந்த ஏஎம்5ஐ 2027 வரையாவது கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 2021இல் வந்தது, 14ஆம் தலைமுறையோடு முடிந்தது, 2024இல் வந்த கோர் அல்ட்ராவுக்குப் புதுப் போர்டு வேண்டும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே. இன்டெல் 12இலிருந்து 14 வரை டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், பழைய ரேமை எடுத்துப் போடலாம். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதிலிருந்து இதுவே பெரிய மிச்சம். இன்னொன்று, பின்னால் மாற்றுவேன் என்று என்னிடம் சொன்னவர்களில் உண்மையிலேயே மாற்றியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

செகண்ட் ஹேண்டு கார்டு ஒண்ணு வருது, மைனிங்ல ஓடினதுன்னு சொல்றாங்க. வாங்கலாமா?

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசுக்கான மைனிங் (கார்டை ராப்பகலாக ஓட்டிக் காசு எடுப்பது) நின்றதும் மூட்டை மூட்டையாக வந்த கார்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, ஃபேனும் உள்ளே சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேடும்தான் தேய்ந்திருக்கும். நேரில் போங்கள், அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள், ஜிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், பெயர் மாற்றிய போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும். தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் கடலோர வீட்டிலிருந்து வருகிற கார்டு என்றால் பின்பக்க ஸ்க்ரூவைப் பாருங்கள், உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தால் உள்ளேயும் ஏறியிருக்கும்.

ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதுக் கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. மலிவாகக் கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

திருவனந்தபுரத்துல போய் வாங்கினா லாபமா, நாகர்கோவிலா?

ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான், களியக்காவிளை தாண்டியதும் வரி குறையாது. அங்கே சில நேரம் சரக்கு அதிகமாக இருக்கும், இங்கே இரண்டே மாடல் காட்டுகிற இடத்தில் அங்கே ஆறு காட்டுவார்கள், அவ்வளவுதான் லாபம். பஸ் கூலியையும் ஒரு நாள் சம்பளத்தையும் கழித்துப் பாருங்கள். உங்களுக்குத் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் இருந்தால் அதைக் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) பில் கேளுங்கள், கேரள எஸ்ஜிஎஸ்டி போட்ட பில்லை வைத்து இங்கே கிரெடிட் எடுக்க முடியாது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பாறசாலை தாண்டி வாங்கிய கடைக்கே போக வேண்டுமா, கூரியர் செலவு யாருடையது? அப்புறம், ப்ராசஸர் பெட்டியோடு வருகிறதா, டிரேயில் (கம்பெனிப் பெட்டி இல்லாமல் உதிரியாக) வருகிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு மூன்று வருட கம்பெனி வாரண்டி, டிரேக்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி.

இடி மின்னல்ல எது தாங்கும்?

எதுவும் தாங்காது. ஐப்பசியில் மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. நானே ஏமாந்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் சொருகியிருந்த நெட் கேபிளை மறந்தேன். தெருமுனைத் தென்னையில் இடி விழுந்தது, மோடம் வழியாக வந்து லேன் போர்ட் கருகி, போர்டும் போனது. இப்போது எல்லாருக்கும் ஃபைபர் வந்துவிட்டதே என்பீர்கள், கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, சரி, ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? அதையும் பிடுங்குங்கள்.

யூபிஎஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட் அளவுக்குத்தான், கார்டு போட்ட கம்ப்யூட்டருக்கு 1000 விஏவாகப் போங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவாக இருக்கட்டும், நல்ல எஸ்எம்பிஎஸ் சில சதுர அலையை ஏற்காமல் அணைந்துவிடும்.

இவ்வளவு சொல்றீங்களே, நீங்க என்ன வச்சிருக்கீங்க?

ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. விரும்பித் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய். ஒருத்தர் கூலரைக் கழற்றும்போது, இடையில் சூடு கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்க, ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு கூடவே வந்துவிட்டது. ஏஎம்4இல் பின்னெல்லாம் ப்ராசஸரின் அடியில் இருக்கும், ஏஎம்5இல் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மூலையில் பதினோரு பின் மடங்கியிருந்தது. அவர் புதிது வாங்கிக்கொண்டு இதை என்னிடம் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல் வெளிச்சத்தில், லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். பத்து நிமிர்ந்தது, ஒன்று ஒடிந்துவிட்டது. எந்தப் பின் என்று வரைபடத்தில் தேடினேன், கிரவுண்டு. கிரவுண்டுக்கு இன்னும் நிறைய பின் இருக்கிறது. இந்தப் பக்கத்தை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். கூலரைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்குங்கள், பிறகு அணைத்துவிட்டு, இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.